ஊரைக் கூட்டும் எதிர்ப்பொருள்

எதிர்ப்பொருளை வரையச் சொன்னால் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்து. அதன் இரு கைகளின் நுனியில், பூட்டில் சாவி பொருந்துவதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் வைரஸ். கைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள், பெயரெழுதுகிறார்கள், அம்புக்குறி இடுகிறார்கள். கீழே உள்ள தண்டு வெறும் கோடாக நின்றுவிடுகிறது. கொல்கத்தாவில் ஆய்வு மாணவனாக நான் கழித்த ஆண்டுகளில் பெரும்பகுதி அந்தக் கோட்டைப் பற்றிய வாசிப்பிலும் சோதனையிலும் சென்றிருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் சற்று விரிவாக எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். என் துறை சாராத நண்பர்களும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

1959-இல் இலண்டனில் ராட்னி போர்ட்டர், பப்பாளியிலிருந்து கிடைக்கும் பப்பெய்ன் என்ற நொதியால் முயலின் எதிர்ப்பொருளை வெட்டிப் பார்த்தார். மூன்று துண்டுகள் கிடைத்தன. இரண்டு துண்டுகள் ஆன்டிஜெனைப் பற்றும் திறனை இழக்கவில்லை. மூன்றாவது துண்டு எதையும் பற்றவில்லை; ஆனால் எளிதில் படிகமானது. அதனால் அதற்குப் 'படிகமாகும் துண்டு' என்ற பொருளில் பெயரிட்டார்கள். எஃப்சி என்று இன்று நாம் சுருக்கிச் சொல்வது அதைத்தான். பல வகை மூலக்கூறுகள் கலந்திருக்கும் கலவை எளிதில் படிகமாகாது. ஆகவே படிகமானது என்பதே ஒரு செய்தி: கைகளின் நுனி எண்ணற்ற வடிவங்களில் மாறிக்கொண்டிருக்க, தண்டு ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கிறது. மாறாமல் இருப்பதால்தான் உடலின் பிற செல்கள் அதை அடையாளம் கண்டுகொள்ள முடிகிறது. இந்தக் கட்டமைப்பைத் தெளிவாக்கியதற்காகப் போர்ட்டரும் ஜெரால்டு எடெல்மனும் 1972-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கிராமத்தில் இரவில் கள்வன் கையில் அகப்பட்டால், பிடித்தவர் முதலில் செய்வது கூச்சலிட்டு ஊரைக் கூட்டுவதுதான். பிடித்த கை அவனை நிறுத்தி வைக்கும். அவனை என்ன செய்வது என்பதை ஓடிவருகிறவர்கள் முடிவு செய்வார்கள். எதிர்ப்பொருளிலும் வேலை இப்படித்தான் பிரிந்திருக்கிறது. கைகள் பிடிக்கின்றன, தண்டு ஊரைக் கூட்டுகிறது. சில எதிர்ப்பொருள்களுக்குப் பிடிப்பதே போதும்: செல்லுக்குள் நுழைவதற்கு வைரஸ் பயன்படுத்தும் இடத்தையே மறைத்து, அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆனால் நோய்த்தொற்றின்போது உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை அந்த ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பற்றுபவை அல்ல. வைரஸின் வேறெங்கோ ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவை, தண்டின் வழியாகத்தான் பயன் தருகின்றன.

ஓடிவருபவர்கள் யார்? முதலில் வருவது இரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் நிரப்புப் புரதங்கள். அவற்றுள் சி1க்யூ என்பது ஆறு தலைகள் கொண்ட ஒரு பூங்கொத்தைப் போன்றது. அருகருகே நிற்கும் பல தண்டுகளை அதன் தலைகள் ஒருசேரப் பற்றும்போது ஒரு தொடர்வினை தொடங்குகிறது. அதன் முடிவில் வைரஸின் கொழுப்பு உறையிலோ நோயுற்ற செல்லின் சவ்விலோ துளைகள் விழுகின்றன. அடுத்து மேக்ரோபேஜ் போன்ற விழுங்கு செல்கள். அவற்றின் மேற்பரப்பில் தண்டைப் பற்றும் ஏற்பிகள் உண்டு. அவற்றால் எதிர்ப்பொருள் பூசிய வைரஸைப் பிடித்து, விழுங்கிச் செரிக்கின்றன. மூன்றாவது, இயற்கைக் கொல்லி செல்கள். வைரஸ் புகுந்த செல் தன் மேற்பரப்பில் வைரஸின் புரதங்களைக் காட்டத் தொடங்கும்போது எதிர்ப்பொருள்கள் அங்கே போய் ஒட்டுகின்றன. அவற்றின் தண்டுகளைப் பற்றிய கொல்லி செல், பெர்ஃபோரினையும் கிரான்சைமையும் கொட்டி, வைரஸ் பெருகும் தொழிற்கூடத்தையே அழிக்கிறது.

நம் ஒவ்வொருவர் இரத்தத்திலும் எண்ணிலடங்கா எதிர்ப்பொருள்கள் சும்மா மிதந்துகொண்டிருந்தும் ஊர் கூடுவதில்லை. தனித்தனியாகத் திரியும் தண்டுகளை ஏற்பிகள் பொருட்படுத்துவது அரிது. ஓர் இலக்கின்மீது பல எதிர்ப்பொருள்கள் நெருக்கமாக அமர்ந்து, பல தண்டுகள் ஒன்றாக நீளும்போதுதான் ஏற்பிகள் ஒன்றுசேர்ந்து செல்லுக்குள் செய்தி அனுப்புகின்றன. ஒருவர் குரலுக்கு எழாத ஊர், பலர் குரல் கேட்டால் எழுந்துவிடுகிறது.

இது வெறும் கருத்தன்று, சோதித்து அறிந்தது. எச்.ஐ.வி.யைச் செயலிழக்கச் செய்யும் பி12 என்ற எதிர்ப்பொருளின் கைகளை அப்படியே விட்டுவிட்டு, தண்டில் மட்டும் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, 2007-இல் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். குடுவையில் அதன் வீரியம் குறையவில்லை. குரங்கின் உடலிலோ பாதுகாப்பு கணிசமாகக் குறைந்தது. கோவிட் காலத்தில் விலங்குகளில் செய்த சோதனைகள் இன்னொரு நுட்பத்தைக் காட்டின. நோய்த்தொற்றுக்கு முன்பே எதிர்ப்பொருளைச் செலுத்தினால், தண்டு முடக்கப்பட்டிருந்தாலும் காப்பாற்றுகிறது; வைரஸ் புகுந்த பின் செலுத்தினால், முழுமையான தண்டு இருந்தால்தான் நல்ல பலன் கிடைக்கிறது. வாசலில் நிறுத்துவதற்குக் கை போதும். வீட்டுக்குள் வந்துவிட்டவனை விரட்ட ஊர் வேண்டும்.

இதையெல்லாம் எந்த நகரத்திலிருந்தும் எழுதலாம். ஆனால் தண்டு ஊரை மட்டும் கூட்டுவதில்லை, சில வேளைகளில் கள்வனுக்கே கதவைத் திறந்துவிடுகிறது என்ற மறுபாதியை யோசிக்கக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1944-இல் இங்கே காய்ச்சலில் விழுந்த அமெரிக்கப் படைவீரர்களின் இரத்தத்திலிருந்து டெங்கு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னாளில் போலியோ சொட்டு மருந்தால் புகழ்பெற்ற ஆல்பர்ட் சேபினின் பணி அது. இருபது ஆண்டுகள் கழிந்து 1963-64-இல், இரத்தக்கசிவுடன் கூடிய டெங்குக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகப் பெரும் கொள்ளைநோயாக இந்நகரில் பரவியது. அதே காலத்தில் சிக்குன்குனியாவும் இங்கே பரவிக்கொண்டிருந்தது. சித்தரஞ்சன் அவென்யூவில் மருத்துவக் கல்லூரியை ஒட்டி நிற்கும் டிராபிக்கல் மெடிசின் பள்ளியைக் கடந்து செல்லும்போதெல்லாம் அந்த ஆண்டுகள் என் நினைவுக்கு வரும். டெங்கு முன்பும் இருந்தது. உடல் முறியும் வலியோடு வந்து, ஒரு வாரத்தில் போய்விடும் காய்ச்சல் அது. அதே காய்ச்சலில் குழந்தைகள் இரத்தம் கசிந்து, அதிர்ச்சி நிலைக்குச் சென்று இறப்பானேன்?

இக்கேள்விக்கான விடை பாங்காக்கில் ஸ்காட் ஹால்ஸ்டெட் நடத்திய ஆய்வுகளிலிருந்து உருவானது. கடும் டெங்கு இரு குழுக்களில் மிகுதியாக இருப்பதை அவர் கண்டார். ஒன்று, இரண்டாம் முறை டெங்கு கண்ட குழந்தைகள். மற்றொன்று, ஒரு வயதுகூட நிரம்பாத, முதன்முறையாக டெங்கு கண்ட சிசுக்கள். இரண்டுக்கும் பொதுவானது என்ன? சிசுக்களின் தாய்மார்கள் முன்பே டெங்கு கண்டவர்கள். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வருகிறது. அந்தப் பயணமும் தண்டைப் பற்றும் ஓர் ஏற்பியின் துணையால்தான் நடக்கிறது. பிறந்த சில மாதங்கள் அந்த எதிர்ப்பொருள் குழந்தையைக் காக்கிறது. பிறகு அதன் அளவு குறைந்து, காக்கவும் போதாமல் முற்றிலும் மறையவும் செய்யாமல் ஓர் இடைநிலைக்கு வரும்போது ஆபத்து நேர்கிறது.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றொரு வகையைப் பிடிக்கும். ஆனால் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு இறுகப் பிடிக்காது. அரைகுறையாகப் பிடிபட்ட வைரஸோடு தண்டு வழக்கம்போல் மேக்ரோபேஜை அழைக்கிறது. மேக்ரோபேஜும் வழக்கம்போல் விழுங்குகிறது. டெங்கு வைரஸ் பெருக விரும்பும் இடமோ அந்த மேக்ரோபேஜும் அதன் உறவுச் செல்களுமே. காவலரை வரவழைத்த குரலைப் பின்தொடர்ந்து கள்வன் காவல் நிலையத்துக்குள்ளேயே நுழைந்து குடியேறிவிடுகிறான். 1963-இல் இந்நகரில் நிகழ்ந்தது அனைத்தையும் இந்த ஒரே விளக்கத்துக்குள் அடக்கிவிட முடியாது. ஆயினும் ஒரு வகை டெங்கு வந்து போன ஊரில் இன்னொரு வகை வந்து சேரும்போது என்ன நேரும் என்ற அச்சத்துக்கு அறிவியல் அடித்தளம் இதுதான்.

அந்த இடைநிலையை 2017-இல் நிகரகுவாவின் குழந்தைகளிடம் அளந்தே காட்டினார்கள். எதிர்ப்பொருள் அளவு மிகக் குறைவாக இருந்த குழந்தைகளுக்கும், மிக அதிகமாக இருந்த குழந்தைகளுக்கும் ஆபத்து குறைவு. 1:21 முதல் 1:80 வரையிலான நீர்ப்பு அளவில் இருந்தவர்களுக்குத்தான் கடும் டெங்குவின் ஆபத்து பல மடங்கு உயர்ந்தது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு அளவைத் தாண்டித் தன்மையைப் பார்த்தது. தண்டின்மீது ஒரு சிறு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதில் ஃபியூகோஸ் என்ற ஒரே ஒரு சர்க்கரை இல்லாமற்போனால், கொல்லி செல்லிலும் மேக்ரோபேஜிலும் உள்ள ஓர் ஏற்பியைத் தண்டு பல மடங்கு இறுகப் பற்றுகிறது. சில புற்றுநோய் மருந்துகளில் ஃபியூகோஸை வேண்டுமென்றே நீக்குகிறார்கள். அங்கே அந்த இறுக்கம் நன்மை. கடும் டெங்கு நோயாளிகளிடமோ ஃபியூகோஸ் இல்லாத எதிர்ப்பொருள்கள் மிகுந்திருந்தன. கோவிட் தீவிரமானவர்களிடமும் இத்தகைய எதிர்ப்பொருள்கள் பின்னர் காணப்பட்டன. ஒரு சர்க்கரையின் இருப்பும் இன்மையும், கூடிய ஊர் காவல் காக்குமா, கலவரம் செய்யுமா என்பதைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்கின்றன.

இனி 2020-க்கு வருகிறேன். கோவிட்டுக்கு மருந்து எதுவும் இல்லாத அந்த மாதங்களில், நோயிலிருந்து மீண்டவரின் பிளாஸ்மாவை நோயாளிக்குச் செலுத்தலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது. ஆதாரமற்ற நம்பிக்கையன்று அது. அர்ஜென்டினாவின் இரத்தக்கசிவுக் காய்ச்சலில், நோய் தொடங்கிய எட்டு நாள்களுக்குள் மீண்டவரின் பிளாஸ்மாவைக் கொடுத்தபோது இறப்பு 16.5 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காடாகக் குறைந்ததை 1979-இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா பெற்றோரில் 19 விழுக்காடு. பெறாதோரில் 18 விழுக்காடு. பயனில்லை என்பதே முடிவு.

கொல்கத்தாவிலும் ஓர் ஆய்வு நடந்தது. ஜாதவ்பூரில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த தீப்யமான் கங்கூலி குழுவினர், பேலேகாட்டா தொற்றுநோய் மருத்துவமனையோடும் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியோடும் இணைந்து அதை நடத்தினார்கள். மூச்சுத்திணறல் தீவிரமடைந்த, ஆனால் செயற்கைச் சுவாசக் கருவியில் இல்லாத 80 நோயாளிகள். நாற்பது பேருக்குப் பிளாஸ்மா, நாற்பது பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். அடுத்தடுத்த இரண்டு நாள்களில் 200 மில்லி வீதம் செலுத்தினார்கள். 30 நாள்களுக்குள் நேர்ந்த இறப்பில், மொத்தமாகப் பார்க்கும்போது உறுதியான வேறுபாடு இல்லை. 67 வயதுக்குக் குறைந்தவர்களில் மட்டும் ஆக்சிஜன் நிலை விரைவில் மேம்பட்டதையும், பிழைத்தோர் கூடுதலாக இருந்ததையும் கண்டார்கள். சிறிய ஆய்வில் இப்படிப் பிரித்துப் பார்ப்பதை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். என்னைக் கவர்ந்தது வேறொன்று: பிளாஸ்மா பெற்றவர்களின் இரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் தணிந்திருந்தன, பலனில் அதற்கும் பங்கிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு பையில் தொங்கும் மஞ்சள் நீர்மத்தை வைரஸைத் தடுக்கும் திறன் என்ற ஓர் எண்ணால் மட்டும் அளந்துவிட முடியாது என்பதை இவ்வூரின் ஆய்வும் நினைவூட்டியது.

கனடா, அமெரிக்கா, பிரேசில் ஆகிய நாடுகளில் 940 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. அங்கேயும் மொத்தத்தில் பயனில்லை. ஆனால் நோயாளிகள் பெற்ற பிளாஸ்மாவின் எதிர்ப்பொருள்களைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, செயலிழக்கச் செய்யும் திறனும், கொல்லி செல்களை அழைக்கும் திறனும் மிகுந்த பிளாஸ்மா பெற்றவர்களின் நிலை ஒப்பீட்டளவில் மேலாக இருந்தது. எதிர்ப்பொருளின் மொத்த அளவு மட்டும் மிகுந்து, அத்திறன்கள் குறைந்திருந்த பிளாஸ்மாவோ தீங்கோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. வேலை செய்யாத தண்டுகள் ஏற்பிகளை அடைத்துக்கொண்டு, நோயாளியின் உடல் தானே உருவாக்கிய நல்ல எதிர்ப்பொருள்களுக்கு இடமில்லாமல் செய்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இந்தக் கட்டுரைகளை நான் வாசித்தது ஆய்வுக்காக மட்டுமன்று. 2021 ஏப்ரலில், கோவில்பட்டியைச் சேர்ந்த என் சித்தப்பா ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜனோடு படுத்திருந்தார். நோய் தொடங்கிப் பன்னிரண்டு நாள்கள் ஆகியிருந்தன. பிளாஸ்மா ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சித்தி தொலைபேசியில் அழைத்து, "ஏய்யா, நீ அதைத்தானே படிக்கிற, யார்கிட்டயாவது சொல்லி ஒரு பை வாங்கித் தாய்யா" என்றார். இரண்டு இரவுகள் தெரிந்தவர், தெரியாதவர் என்று எத்தனையோ பேருக்குச் செய்தி அனுப்பினோம். கொடை தர முன்வந்த ஒருவர் கிடைத்த காலையில் சித்தப்பா இறந்துபோனார். அடுத்த மாதமே, மே 17 அன்று, பெரியவர்களுக்கான கோவிட் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை நாடு முழுவதற்கும் நீக்கிவிட்டார்கள்.

அதன்பின் ஊருக்குச் சென்ற ஒருமுறை சித்தி என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "ஒரு நா முன்னாடி கெடச்சிருந்தா பொழச்சிருப்பாரோ?" ஆறுதலுக்காக எதையும் சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. ஒரு தாளில் 'ஒய்' வரைந்து, தண்டைக் காட்டி, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பன்னிரண்டாம் நாளில் அவர் உடலிலேயே எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும். அந்தக் கட்டத்தில் அவரை வதைத்தது வைரஸைவிட, கூடிவிட்ட ஊரின் கலவரம். அப்போது வெளியிலிருந்து இன்னும் சில குரல்களைச் சேர்ப்பதால் பெரும்பாலோருக்குப் பயன் கிடைக்கவில்லை என்பதை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பார்த்துவிட்டார்கள். சித்தி நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாம தேடாம விட்டதால இல்ல" என்றார். இல்லை என்றேன். பயனில்லை என்று முடிந்த ஆய்வுகள் எவருக்கும் எதுவும் தருவதில்லை என்று சலித்துக்கொள்ளும் மாணவர்களிடம் இதை நான் சொல்வதுண்டு. நாற்பது பேரையும் நாற்பது பேரையும் ஒப்பிட்டு நேர்மையாக எழுதப்பட்ட ஒரு முடிவு, எங்கோ ஒரு பெண்ணின் நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கக்கூடும்.

இந்நகரில் ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்து பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் நடும் நாள்களில் டெங்குவும் உச்சம் கொள்ளும். என் வீட்டு உரிமையாளரான மாசிமா காய்ச்சல் வந்து எடுத்த பரிசோதனைச் சீட்டை என்னிடம் காட்டினார். டெங்குவுக்கான ஐஜிஜி எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தது. "எனக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது, பார்" என்று வங்காளத்தில் மகிழ்ந்தார். காய்ச்சலின் தொடக்க நாள்களிலேயே ஐஜிஜி உயர்ந்திருப்பது பெரும்பாலும் இது இரண்டாவது டெங்கு என்பதற்கான குறிப்பு. ஆகவே காய்ச்சல் இறங்கிய பின்னும் இரண்டு மூன்று நாள்கள் கவனமாக இருக்கவேண்டும் என்றும், வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்றும் அவர் மகனிடம் சொன்னேன். கடும் டெங்கு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில்தான் தலைகாட்டும். மாசிமாவுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. இரண்டாம் முறை டெங்கு காண்போரில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே மீள்கிறார்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எதிர்ப்பொருளை வரையும்போது தண்டையும் முழுமையாக வரையுங்கள். அதன்மீது அந்தச் சிறு சர்க்கரைச் சங்கிலியையும், அதைப் பற்ற வரும் சி1க்யூவையும் மேக்ரோபேஜையும் கொல்லி செல்லையும் சேர்த்து வரையுங்கள். தடுப்பூசி ஆய்வையோ மருந்து ஆய்வையோ வாசிக்கும்போது எதிர்ப்பொருள் எவ்வளவு உருவானது என்பதோடு நின்றுவிடாமல், அது எந்தச் செல்லை அழைத்தது, அழைத்த செல் என்ன செய்தது என்பதையும் அளந்தார்களா என்று தேடுங்கள். பல கட்டுரைகளில் அந்தப் பகுதி இருக்காது. உங்கள் ஆய்வேட்டுக்கான கேள்வி அங்கேயே காத்திருக்கலாம்.